உள்ளே நின்றது யார்? கற்கோயில்களில் வானம் தேடக் கிளம்புகிறவர்களுக்கு

பழங்காலக் கற்கோயில்களைப் பற்றி எழுத வேண்டும், அவற்றுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும் என்று இளையவர்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். ஆர்வத்தில் குறையில்லை, அவசரம்தான் கூடுதல். ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சைப் பேசித் தொண்டை வறண்டதால் எண் போட்டு எழுதியே வைத்துவிட்டேன். உலகத்துக் கல்லையெல்லாம் இதில் அடக்கவில்லை. மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் மால்டாவைத்தான் மையமாக வைத்துக்கொள்கிறேன். அயர்லாந்தும் இங்கிலாந்தும் தேவைப்படும்போது வரும்.

1. மண்ணிலிருந்து தொடங்குங்கள். மால்டாவிலும் பக்கத்துத் தீவான கோசோவிலும் கி.மு. 3600 வாக்கில் தொடங்கி கி.மு. 2500 வரை பெருங்கற்கோயில்கள் எழுந்தன. கட்டியவர்கள் பயிர் செய்தார்கள், ஆடு மாடு வளர்த்தார்கள். உலோகமும் எழுத்தும் அவர்களிடம் இல்லை. கோசோவில் ஜிகாந்தியா கோயில் எழுந்து பல நூற்றாண்டு கழித்துத்தான் எகிப்தில் முதல் பிரமிடு எழுந்தது.

இந்தக் காலக்கணக்கே ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு கிடைத்தது. மால்டாவின் தர்ஷீன் கோயிலில் செதுக்கிய சுருள் கோலங்களைப் பார்த்து, இவை கிரேக்கப் பக்கமிருந்து கற்றுக்கொண்டவை, ஆகவே அதற்குப் பிந்தியவை என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரிய அறிஞர்களே எழுதினார்கள். கரிமக் காலக்கணிப்பும் அதன் பின்வந்த திருத்தமும் அந்த வாதத்தை அடியோடு சாய்த்தன. கொடுத்தவராக நினைக்கப்பட்டவரைவிட வாங்கியவர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவராகிவிட்டார். கோலின் ரென்ஃப்ரூ 1973இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார், தேடிப் படியுங்கள். உருவம் ஒத்திருக்கிறது என்பதை வைத்து உறவு சொல்லும் ஆசை உங்களுக்கும் வரும். கரித்துண்டும் எலும்பும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு அந்த ஆசைக்கு இடம் கொடுங்கள்.

2. ஒளி எங்கே விழுகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை யார் பார்த்திருக்க முடியும் என்று கேளுங்கள். இந்த அறிவுரைகளில் ஒன்றுதான் நினைவில் நிற்குமென்றால் இது நிற்கட்டும்.

மால்டாவின் தென்கரையில் இம்னாய்த்ரா என்று ஒரு கோயில் தொகுதி இருக்கிறது. அதில் தெற்குக் கோயிலின் வாசல் ஏறத்தாழக் கிழக்கு நோக்கியது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக வரும் சம இரவு நாள்களில், உதிக்கும் சூரியனின் ஒளி முதன்மை வாசல் வழியாக நுழைந்து, உள்வாசலையும் தாண்டி, கோயிலின் நடு அச்சிலேயே ஓடிக் கடைசி மாடம் வரை போகும். சூரியன் வடகோடிக்குச் செல்லும் ஜூன் மாதக் கதிர்த்திருப்பத்தில் ஒளி சாய்வாக நுழைந்து உள்வாசலுக்கு ஒரு பக்கம் நிற்கும் பெரிய கல்லின் விளிம்பில் விழும். தென்கோடிக்குப் போகும் டிசம்பரில் மறுபக்கத்துக் கல்லின் விளிம்பில் விழும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன். தாளில் வரைந்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

இதுவரை உண்மை. யாரும் போய்ப் பார்க்கலாம். இதற்கு மேல்தான் பலரும் வேகமெடுத்து 'கல்லில் கட்டிய நாள்காட்டி', 'உலகின் முதல் வானாய்வகம்' என்று தலைப்பு வைக்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். வாசலுக்கு வெளியே உள்வளைந்த முகப்பும், அதன் அடியில் உட்காரக் கல்திண்ணையும், முன்னே பலர் கூடத்தக்க திறந்தவெளியும் இருக்கின்றன. உள்ளே போனால் இடம் குறுகிக்கொண்டே போகிறது. ஒரே கல்லைக் குடைந்து செய்த துவாரங்களின் வழியாகத்தான் சில அறைகளுக்குள் நுழைய முடியும். வாசல் நிலைக்கற்களில் கயிறு கோக்கவும் தாழ்க்கட்டை செருகவும் துளைகள் இருக்கின்றன. எனவே கதவோ திரையோ இருந்திருக்கிறது, அதைத் திறக்கவும் சாத்தவும் ஒரு கை இருந்திருக்கிறது. வெளியே ஊர் காத்திருக்க, உள்ளே சிலர் மட்டும் அந்த ஒளியைப் பார்த்தார்கள். நாள் அறிய வேண்டும் என்றால் இத்தனை பாடு தேவையில்லை, கிழக்கே தெரியும் ஒரு மேட்டையும் நட்டுவைத்த ஒரு கம்பையும் வைத்து உழவன் அறிந்துகொள்வான். இவர்கள் கட்டியது அறியப்பட்ட நாளை நிகழ்த்திக் காட்டும் அரங்கு என்பது என் முடிவு. நாள்காட்டி என்று சொல்பவர்களோடு இந்த இடத்தில்தான் நான் பிரிகிறேன்.

3. அதே கேள்வியை அயர்லாந்துக்கும் கொண்டுபோங்கள், விடை வேறாக வரும். பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கில் எழுந்த கல்மேடு. உள்ளே 19 மீட்டர் நீளத்துக்கு ஓர் இடைவழி, அதன் முடிவில் ஓர் அறை. 1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு நடத்திய மைக்கேல் ஓ'கெல்லி, வாசலுக்கு மேலே ஒரு சிறு கற்சாளரத்தைக் கண்டார். டிசம்பர் கதிர்த்திருப்பத்தில் சூரியன் உள்ளே வருவதாக ஊர்ப் பேச்சு ஒன்று இருந்தது. 1967 டிசம்பர் 21 விடியலில் அவர் உள்ளே தனியாக நின்று பார்த்தார். வாசல் வழியாக வரும் ஒளி அறைவரை எட்டாது, ஏனென்றால் இடைவழியின் தரை உள்நோக்கி உயர்ந்துகொண்டே போகிறது. மேலே இருந்த சாளரத்தின் வழியாக வந்த ஒளி அறைத் தரையைத் தொட்டது. ஏறத்தாழ 17 நிமிடம் நின்று விலகியது.

அந்த வாசல் ஒரு பெருங்கல்லால் அடைக்கப்பட்டிருந்தது. சாளரத்துக்கு மட்டும் நகர்த்தக்கூடிய வெண்படிகக் கல் மூடி. மூடியைத் திரும்பத் திரும்ப இழுத்த தேய்மானம் கல்லில் இருப்பதாக ஓ'கெல்லி பதிவு செய்திருக்கிறார். உள்ளே எரிந்த மனித எலும்புகள் கிடைத்தன. கதவு அடைத்த பிறகும் ஒளிக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்கள் என்றால், அந்த ஒளி உயிரோடிருப்பவர் பார்ப்பதற்காக வரவில்லை. இறந்தவர்களைத் தேடி வந்தது. 'துல்லியமான வானியல் கருவி' என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டடத்தின் பாதி நம் கைவிட்டுப் போய்விடும்.

4. கோட்டுக்கு இரண்டு முனை உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு ஜூன் மாதச் சூரிய உதயத்தை நோக்கியது என்று வில்லியம் ஸ்டூக்லி 1740இலேயே எழுதிவிட்டார். இன்றும் ஜூனில் அங்கே கூட்டம் சேருகிறது. அதே கோட்டை மறுதிசையில் நீட்டினால் டிசம்பர் மாதச் சூரிய அஸ்தமனம் வரும். எது அவர்களுடையது? கல்லைப் பார்த்து எத்தனை நாள் உட்கார்ந்தாலும் விடை வராது. விடை வந்தது பன்றி எலும்பிலிருந்து. பக்கத்தில் டரிங்டன் வால்ஸ் என்ற குடியிருப்பில் விருந்துண்டு எறிந்த பன்றி எலும்புகள் ஏராளம். பற்களை வைத்து வயதைக் கணித்தபோது பல பன்றிகள் ஒன்பது மாத அளவில் வெட்டப்பட்டிருந்தன. வசந்தத்தில் ஈன்ற குட்டி என்றால் வெட்டு நடந்தது நடுக்குளிர்காலம். ஊர் கூடித் தின்ற நாள் அது. வானியல் படிக்கிறவர்கள் பன்றிப் பல்லைப் பற்றியும் படிக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

5. எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்னக் கணக்கு. ஓர் இடத்தில் 20 கற்கள் நிற்கின்றன. இரண்டிரண்டாக இணைத்தால் 190 கோடுகள். ஒவ்வொன்றையும் இருதிசையிலும் பார்க்கலாம் என்பதால் 380 திசைகள். இப்போது அடிவானத்தில் 'முக்கியமான' புள்ளிகளைக் குறியுங்கள். கதிர்த்திருப்ப, சம இரவு நாள்களின் உதய அஸ்தமனங்கள் 6, சந்திரனின் வடகோடி தென்கோடி எல்லைகள் 8, ஆக 14. ஒவ்வொன்றுக்கும் இப்புறம் ஒரு பாகை அப்புறம் ஒரு பாகை விட்டுக்கொடுத்தால் 28 பாகை. மொத்த வட்டம் 360. ஆக, கற்களைக் கண்ணை மூடிக்கொண்டு நட்டிருந்தாலும் ஏறத்தாழ 30 திசைகள் ஏதாவதொரு 'முக்கியப் புள்ளி'யில் போய் முட்டும்.

1960களில் ஜெரால்ட் ஹாக்கின்ஸ் கணினியை வைத்து ஸ்டோன்ஹெஞ்சில் ஏராளமான வானியல் கோடுகளைக் கண்டபோது உலகமே வியந்தது. அங்கே பல ஆண்டு அகழாய்வு செய்த ரிச்சர்ட் அட்கின்சன் 1966இல் கடுமையான மறுப்பு எழுதினார். பொருந்திய கோடுகளை மட்டும் காட்டி, பொருந்தாதவற்றை யாராவது மறைத்தால் அது ஆராய்ச்சியில் சேராது. பொருந்தாத கோடுகள் எத்தனை என்று முதல் பக்கத்திலேயே எழுதும் கட்டுரையை நம்பலாம்.

6. காந்த ஊசியை நம்பி ஏமாறாதீர்கள். அது காட்டும் வடக்கு வேறு, புவியின் உண்மை வடக்கு வேறு. இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் மாறும். கைபேசியில் உள்ள ஊசி இன்னும் மோசம். அடிவானத்தின் உயரத்தையும் அளக்க வேண்டும். சூரியன் நேர்மேலே ஏறுவதில்லை, சாய்ந்து ஏறுகிறது. கிழக்கே மேடு இருந்தால் அதைத் தாண்டி வருவதற்குள் தெற்கே நகர்ந்துவிடும். மால்டாவின் அகலாங்கில் மேடு ஒரு பாகை உயர்ந்தால், சம இரவு நாளில் சூரியன் தலைகாட்டும் இடம் ஏறத்தாழ முக்கால் பாகை தள்ளிப்போகும். இம்னாய்த்ரா தெற்குக் கோயிலின் அச்சு சரிகிழக்கிலிருந்து சற்றே தெற்கே சாய்ந்திருக்கிறது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் பிழை என்பார். அங்கே நின்று பார்ப்பவருக்குக் கிழக்கே உயர்ந்து செல்லும் நிலம் தெரியும்.

7. வானமும் நகர்ந்திருக்கிறது. இதில் இரண்டு நகர்வு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, புவியச்சின் சாய்வு. இன்று அது ஏறத்தாழ 23.4 பாகை, கி.மு. 3000இல் ஏறத்தாழ 24. அந்த அரைப்பாகைச் சொச்சத்தால் கதிர்த்திருப்ப உதயப் புள்ளி மால்டாவில் ஏறத்தாழ முக்கால் பாகை உள்வாங்கியிருக்கிறது. சூரியத் தட்டின் அகலமே அரைப்பாகைதான். ஆகையால் இன்று விளிம்பைத் தொடும் ஒளி அன்று விழுந்த இடம் கொஞ்சம் வேறு. நியூகிரேஞ்சிலும் இன்று சூரியன் உதித்துச் சில நிமிடம் கழித்தே ஒளி உள்ளே வருகிறது. கட்டிய காலத்தில் உதிக்கும்போதே வந்திருக்கும். சம இரவு நாளுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. சாய்வு மாறினாலும் அந்நாளில் சூரியன் உதிப்பது கிழக்கில்தான்.

இரண்டாவது, அச்சு பம்பரத் தலைபோல் மெல்லச் சுற்றுவது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. இதை நமக்கு விளக்க வெளிநாட்டு நூல் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் போதும். உத்தராயணம் தை முதல் நாள் பிறப்பதாகக் கொண்டாடுகிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22. நடுவே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. விண்மீன்களை அடையாளமாகக் கொண்ட நம் கணக்கும் பருவங்களும் இந்தச் சுழற்சியால் மெல்ல விலகிவிட்டன. கோயில் கட்டியவர்கள் பார்த்த விண்மீன்களுக்கும் இதே கதைதான். சென்னையில் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தாழ்வாகத் தெரியும் தென்சிலுவை விண்மீன் கூட்டம் இன்று மால்டாவில் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே தென்வானில் நன்றாகவே தெரிந்தது. பெரும்பாலான மால்டாக் கோயில்கள் தென்கிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே முகம் காட்டுவதற்கு இந்த விண்மீன்களே காரணமோ என்று சிலர் யோசித்தது அதனால்தான்.

இந்த நகர்வுகளைக் கொண்டு கோயிலின் வயதைக் கணிக்கலாம் என்று யாராவது சொன்னால் நார்மன் லாக்யரை நினைத்துக்கொள்ளுங்கள். ஹீலியத்தைக் கண்டறிந்ததில் பங்குள்ளவர், 'நேச்சர்' இதழை நிறுவியவர், சாதாரண ஆளில்லை. 1901இல் ஸ்டோன்ஹெஞ்சின் அச்சை அளந்து அதன் காலம் கி.மு. 1680, 200 ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றார். அந்தப் பெரிய கற்கள் நின்றது கி.மு. 2500 வாக்கில் என்று இன்று அறிவோம். கணக்கு சரியாகத்தான் போட்டார். கட்டியவர்கள் அவர் நினைத்த துல்லியத்தோடு கட்டவில்லை, அவ்வளவுதான்.

8. 'சம இரவு நாள்' யாருடைய நாள் என்று கேளுங்கள். கிளைவ் ரகிள்ஸ் 1997இல் எழுப்பிய கேள்வி இது. கதிர்த்திருப்பம் கண்ணுக்குத் தெரியும், சூரியன் அடிவானத்தில் ஒரு கோடிக்குப் போய்ச் சில நாள் நின்று திரும்புகிறது. சம இரவு நாளுக்கு அப்படி அடையாளம் எதுவும் இல்லை, அன்றுதான் சூரியன் அடிவானத்தில் மிக வேகமாக நகர்கிறது. பகலும் இரவும் சமம் என்று அறியக் கடிகாரம் வேண்டும். இரு கோடிகளுக்கு நடுப்புள்ளி என்று இடத்தால் பிரித்தார்களா, இரு திருப்பங்களுக்கு நடுநாள் என்று எண்ணிப் பிரித்தார்களா? இரண்டும் ஒரே நாளில் விழாது, சற்றே தள்ளிப்போகும். இம்னாய்த்ராவில் நடு அச்சும் இரு பக்க விளிம்புகளும் சேர்ந்தே அமைந்திருப்பதைப் பார்த்தால், நடு என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தோன்றுகிறது. அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

9. துளை எண்ணுபவர்களைக் கேலி செய்யாதீர்கள், உடனே நம்பவும் வேண்டாம். இம்னாய்த்ராவின் சிறிய கோயிலில் இரு தூண்கற்களில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. ஃபிராங்க் வென்டூரா, ஜியோர்ஜியா ஃபோதேரா சேரியோ, மைக்கேல் ஹாஸ்கின் மூவரும் 1993இல் ஒரு விளக்கம் தந்தார்கள். கார்த்திகை போன்ற விண்மீன்கள் நெடுநாள் மறைந்திருந்து விடியற்காலையில் முதன்முதல் தலைகாட்டும் நாள்களுக்கு இடையே எத்தனை நாள் என்பதை இத்துளைகள் எண்ணுவதாக இருக்கலாம் என்றார்கள். 'இருக்கலாம்' என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்கள், அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஹாஸ்கின் ஊர் ஊராகச் சென்று மத்தியதரைக் கடலோரக் கல்லறைகளையும் கோயில்களையும் ஆயிரக்கணக்கில் அளந்தவர். அவரே அப்படித் தயங்கினார். தல் ஆதி என்ற இடத்தில் கிடைத்த உடைந்த பலகைக்கல் ஒன்று வலெட்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விசிறிபோல் விரியும் கோடுகள், இடையிடையே விண்மீன் வடிவங்கள், நடுவில் பிறைபோல ஒன்று. வானப்படம் என்று நினைக்க யாருக்கும் மனம் துடிக்கும். முழுக்கல் கிடைக்கவில்லை என்பதை மறக்காமல் துடிக்கட்டும்.

10. சின்னத்துக்குப் பொருள் சொல்வதற்கு முன் அது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். சுருள் கோலம் சூரியனா, கடலா, பிறப்பா, இறப்பா என்று ஒரு நூலகம் நிறைய எழுதியாகிவிட்டது. நியூகிரேஞ்சிலும் சுருள் இருக்கிறது, தர்ஷீனிலும் இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு காட்டும் பொருள் எதுவும் இல்லை. தர்ஷீனில் சுருள் எங்கே வருகிறது பாருங்கள். உள்ளறைக்குப் போகும் வழியை மறித்துக் கிடக்கும் கல்லில், கால் தூக்கித்தான் தாண்ட வேண்டிய இடத்தில், இரு கண்போல ஒரு சோடிச் சுருள். 'இதற்கு மேல் நீ வரலாமா?' என்று அது கேட்பதாக எடுத்துக்கொண்டால், இரண்டாம் எண்ணில் சொன்ன கயிற்றுத் துளையோடும் தாழ்க்கட்டையோடும் பொருந்துகிறது. சுருளின் 'பொருள்' எனக்குத் தெரியாமலே அது செய்த வேலையைச் சொல்ல முடிகிறது.

பருத்த உருவச் சிலைகளுக்கும் இதுவே. தர்ஷீனில் மடிப்புப் பாவாடையோடு நின்ற பெருஞ்சிலையில் இடுப்புக்குக் கீழேதான் மிச்சம். மரியா கிம்புட்டாஸ் போன்றவர்கள் எல்லாவற்றையும் தாய்த்தெய்வமாகக் கண்டார்கள். கோயிலின் தரைப்படமே அவள் உடல்தான் என்ற பேச்சும் பரவியது. கேட்க அழகு. ஆனால் அந்தப் பருத்த உருவங்களில் பலவற்றில் ஆண் பெண் அடையாளம் எதுவும் செதுக்கப்படவில்லை, ஆண்குறி வடிவங்களும் அதே தர்ஷீனில் கிடைத்திருக்கின்றன. தரைப்படத்தை மேலிருந்து பார்க்கப் பறவையாக இருக்க வேண்டும். அதை யார் பார்த்தார் என்று இங்கேயும் கேளுங்கள். தர்ஷீனில் ஒரு பலிமேடையில் குடைந்த சிறு மாடத்துக்குள் தீக்கல் கத்தியும் ஆட்டுக் கொம்பும் இருந்தன. அந்தக் கத்தி எனக்குத் தாய்த்தெய்வக் கொள்கையைவிட அதிகம் சொல்கிறது.

11. கூரை இருந்ததா என்று பாருங்கள். ஒற்றை வரிதான், ஆனால் பலர் மறப்பது. தா ஹஜ்ரத் கோயிலில் விரலளவுக் கல் மாதிரி ஒன்று கிடைத்தது, இம்னாய்த்ராவிலேயே ஒரு கல்லில் கோயில் முகப்பைக் கீறியிருக்கிறார்கள். இரண்டிலும் கூரை தெரிகிறது. கூரையடியில் நின்று இரவு வானை அளக்க முடியாது. துருக்கியின் கோபெக்லி தெபேயில் 43ஆம் தூணின் கழுகையும் தேளையும் விண்மீன் கூட்டங்களாக்கி, கி.மு. 10,950 வாக்கில் விழுந்த வால்மீனின் பதிவு என்று 2017இல் இரு பொறியாளர்கள் எழுதியபோது, அகழாய்வுக் குழுவினர் முன்வைத்த மறுப்புகளில் கூரையும் ஒன்று.

12. அலுப்பூட்டும் காரணங்களுக்கு மரியாதை கொடுங்கள். மால்டாவில் வடமேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்றுக்கு மஜ்ஜிஸ்த்ரால் என்று பெயர். கதவை அதற்கு எதிரே வைக்க எந்தக் குடித்தனக்காரனும் துணியமாட்டான். தெற்கு நோக்கிய வாசலில் காற்று குறைவு, குளிர்காலத்தில் வெயில் அதிகம். தென்சிலுவைக்குப் போகுமுன் இந்தக் காரணத்தைக் கடந்துதான் போக வேண்டும். இம்னாய்த்ரா தெற்குக் கோயில் மட்டும் வழக்கத்தை மீறிக் கிழக்கே திரும்பியிருப்பதால்தான் அதன் ஒளியை நான் கருதிச் செய்ததாக ஏற்கிறேன். விதியைத் தெரிந்துகொண்டால்தான் விலக்கின் மதிப்பு தெரியும்.

13. நிற்கும் கல்லெல்லாம் நின்ற கல் அல்ல. இம்னாய்த்ராவை 1840இல் தோண்டியவர்கள் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள், எந்த அடுக்கில் என்ன இருந்தது என்ற குறிப்பு இல்லை. 1994இல் பெருமழைக்குப் பின் ஒரு சுவர் சரிந்தது. 2001இல் விஷமிகள் புகுந்து பல கற்களைத் தள்ளிவிட்டார்கள், அவற்றைப் பிறகு தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. ஸ்டோன்ஹெஞ்சிலும் இருபதாம் நூற்றாண்டில் பலமுறை கற்களை நிமிர்த்தியிருக்கிறார்கள். நியூகிரேஞ்சின் வெள்ளை முகப்பு ஓ'கெல்லி காலத்து மறுகட்டுமானம், அது அப்படித்தான் இருந்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஆகவே அளவு நாடாவை எடுப்பதற்கு முன் பழைய வரைபடங்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களையும் எடுங்கள்.

குறிப்பு எழுதாமல் போவது எத்தனை பெரிய இழப்பு என்பதற்கு மால்டாவின் ஹால் சஃப்லியேனியைச் சொல்லலாம். நிலத்தடியில் பாறையைக் குடைந்து செய்த அந்த ஈமக்கூடம் 1902இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி வெட்டியபோது வெளிப்பட்டது. முதலில் அகழ்ந்த பாதிரியார் மேனுவல் மாக்ரி 1907இல் துனிசியாவில் இறந்தார், அவர் குறிப்புகள் கிடைக்கவேயில்லை. பின்னால் பொறுப்பேற்ற தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் அங்கே ஏறத்தாழ 7,000 பேர் எலும்பு இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார். அவர்கள் எப்படிக் கிடத்தப்பட்டிருந்தார்கள், எந்தப் பக்கம் தலை, யாரோடு யார் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளோடு போயிற்று. தரைக்கு மேலுள்ள கோயில்களின் திசைகளைப் பற்றி இத்தனை பேசுகிறோமே, தரைக்குக் கீழே கிடந்தவர்களின் திசை நமக்கு வாய்க்கவில்லை.

14. போகும்போது. இம்னாய்த்ராவும், மேட்டில் அரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹஜார் இம் கோயிலும் 2009 முதல் பெரிய கூடாரக் கூரைகளின் கீழ் இருக்கின்றன. படம் எடுக்க அழகில்லை என்று குறைப்படாதீர்கள், மழையும் உப்புக்காற்றும் கல்லைத் தின்பதைத் தடுக்க வேறு வழியில்லை. சம இரவு நாள், கதிர்த்திருப்ப நாள் விடியலில் உள்ளே செல்ல மால்டாவின் தொல்பொருள் நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் சீட்டு தரும், முன்கூட்டியே வாங்குங்கள். ஒளி வந்ததும் எல்லாரும் கைபேசியை அதன் பக்கம் திருப்புவார்கள். நீங்கள் முதுகைத் திருப்பி, வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு உள்வாசலுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நெருக்காமல் நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். மேகம் மூடிவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம், சம இரவு நாளுக்கு முன்னால் ஒரு நாளோ பின்னால் ஒரு நாளோ சூரியன் ஏறத்தாழத் தன் அகலம் அளவுக்கே நகர்ந்திருக்கும், கதிர்த்திருப்பத்தில் அதனினும் மிகக் குறைவு. அந்த நகர்வு உள்ளே விழும் ஒளிப்பட்டையில் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கல்லைத் தொடாதீர்கள். பார்த்ததை எனக்கு எழுதி அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு படிப்பேன். நின்ற இடத்தையும் மணியையும் குறிக்காமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.